சத்தம் போடாத கட்டர்

வீட்டில் அவள் பெயர் பட்டதாரி. பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. பட்டம் வாங்கிய அன்றோடு அதன் ஆயுசு முடிந்துபோனது. "பட்டதாரி, அடுப்பை அணை." "பட்டதாரி தூங்குறா, மெதுவாப் பேசுங்க." "ஏன் பட்டதாரி, ஈரத் துண்டை இப்படித்தான் சுருட்டிப் போடணும்னு காலேஜ்ல சொன்னாங்களா?" அந்தக் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் கால் அவளுடையது. அதனால் ஆளாளுக்கு அந்தக் காலைத்தான் வாரினார்கள்.

படித்தது இயற்பியல். கிடைத்தது டைல்ஸ் கடையில் பில் போடும் வேலை. அப்பாவுக்கு அதிலேயே உச்சி குளிர்ந்துபோயிற்று. "எம்பொண்ணு ஃபேனுக்குக் கீழ உக்காந்து வேல பாக்குறா" என்று பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். அந்த ஃபேன் ஓடாது என்பதை அவள் அவரிடம் சொல்லவில்லை. ஓடாத ஃபேனுக்குக் கீழே வியர்த்து வழிந்துகொண்டு உட்கார்ந்திருந்தவளிடம் ஒரு நாள் மேனேஜர் வந்து, "கஸ்டமர் வர்ற இடம். கொஞ்சம் சிரிச்ச முகமா இருந்தா என்னவாம்?" என்றார்.

"இங்க டைல்ஸ் விக்கிறோமா, என் பல்லை விக்கிறோமா?"

அத்தோடு நாற்காலி போயிற்று. ஆனால் சுவர் டைல்ஸ் பார்த்துக்கொண்டு நின்ற ஒரு பெண் அதைக் கேட்டு வாய்விட்டுச் சிரித்தாள். பையை எடுத்துக்கொண்டு தெருவுக்கு இறங்கிய பட்டதாரியின் பின்னாலேயே வந்தாள்.

"பல் விஷயம் என் டிபார்ட்மென்ட். நான் பல் டாக்டர்" என்றாள். "உன்னை ஒண்ணு கேக்கணும். கிளினிக்ல கருவி கழுவுற ரூம் சுவருக்கு டைல்ஸ் ஒட்டணும். வர்றவன் எல்லாம் ஒரு வாரம் கிளினிக்கை மூடுங்கிறான். தூசி பறக்கும், மெஷின் சத்தம் காதைக் கிழிக்கும்னு சொல்றான். பக்கத்து ரூம்ல ஒருத்தர் வாயைப் பொளந்துட்டுப் படுத்திருப்பார். அந்த வாய்க்குள்ள சிமெண்ட் தூசி விழுந்தா நான் என்ன பதில் சொல்றது? தூசி இல்லாம ஒட்டுறவங்க யாரையாவது உனக்குத் தெரியுமா?"

"தெரியும். நான்தான்."

கோபத்தில் வந்த பதில் அது. வாயிலிருந்து வந்த பிறகுதான் அவளுக்கே காதில் விழுந்தது.

முழுப் பொய்யும் இல்லை. அப்பா டைல்ஸ் ஒட்டுகிறவர். கல்லூரி லீவு விட்டால் அவளும் கூடப் போவாள். பசை குழைப்பாள், ரசமட்டம் வைத்து மட்டம் பார்ப்பாள், ஒட்டவும் ஒட்டுவாள். அவள் ஒட்டிய குளியலறைத் தரை இரண்டு வீடுகளில் இன்னும் தண்ணீர் தேங்காமல் கிடக்கிறது. ஆனால் வெட்டுவது மட்டும் அப்பா. கட்டிங் மெஷினைக் கையில் எடுத்தாரென்றால், "பாப்பா, வெளிய போ" என்பார். அவள் வெளியே நின்று காதைப் பொத்திக்கொள்வாள். மெஷின் ஓலமிடும். வெள்ளைப் புகைக்குள் அப்பா காணாமல் போவார். கொஞ்ச நேரம் கழித்துப் புருவம், மீசை, இமை எல்லாம் வெளுத்து ஒரு கிழவராக வெளியே வருவார். சின்ன வயதில் அது அவளுக்குப் பெரிய வேடிக்கை.

வேடிக்கை இப்போது அவர் நெஞ்சுக்குள் உட்கார்ந்திருக்கிறது. பீடி சிகரெட் தொடாத மனுஷன். நெஞ்சுப் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்த ஆஸ்பத்திரி டாக்டர், "என்னங்க, உள்ளயும் பூச்சு வேலை பாத்திருக்கீங்க" என்றார். அப்பா சிரித்தார். சிரிப்பு இருமலானது. இருமல் நிற்க வெகு நேரம் பிடித்தது. தூசிப் பக்கம் இனித் தலைவைத்துப் படுக்கக் கூடாது என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். மெஷினைத் தன் பழைய சட்டையில் சுற்றிக் கட்டிலுக்கு அடியில் வைத்தார் அப்பா. வாரத்துக்கொரு முறை வெளியே எடுத்துத் துடைப்பார். அம்மா, "என்னைக்காவது என் காலை இப்படிப் புடிச்சு விட்டிருக்கீங்களா?" என்பாள்.

ஆக, பட்டதாரிக்கு முன்னால் இருந்த கேள்வி ஒன்றே ஒன்று. எதை வைத்து வெட்டுவது?

---

ஹார்டுவேர் கடைக்காரர் அவளைப் பார்த்ததும் அவள் தோளுக்குப் பின்னால் பார்த்தார். அங்கே யாரும் இல்லை.

"யாருக்கும்மா கட்டர்?"

"எனக்கு."

"அது சரி. வேலை பாக்குறவரு யாரு?"

"நான்."

"இல்லம்மா, எந்த மாடல்னு அவரைக் கேட்டுட்டு வந்தீங்கன்னா..."

"எவரை?"

கடைக்காரர் இதற்கு மேல் பேசினால் வில்லங்கம் என்று புரிந்துகொண்டு சாமான்களை எடுத்து வைத்தார்.

முதலில் கையடக்கமான கட்டிங் மெஷின். அப்பாவுடையதன் தம்பி போலிருந்தது. எந்த டைல்ஸையும் வெட்டும், வளைவாகவும் வெட்டும், குழாய்க்கு இடம்விட்டும் வெட்டும் என்றார். எந்த நெஞ்சையும் வெட்டும் என்று அவள் மனதுக்குள் சேர்த்துக்கொண்டாள். அடுத்தது மேஜையோடு கூடிய மெஷின். கீழே தொட்டியில் தண்ணீர். பிளேடு தண்ணீரில் நனைந்துகொண்டே சுற்றும். தூசி பறக்காது, ஆனால் சேறு தெறிக்கும், சத்தமும் குறையாது. தூக்கவே இரண்டு ஆள் வேண்டும். கிளினிக் மாடியில் இருக்கிறது.

கடைசியாக, ஆணியில் தொங்கிய ஒன்றை வேண்டாவெறுப்பாக இறக்கினார். கை கட்டர். ஒரு நீளமான பலகை, அதன் மேல் இரண்டு கம்பித் தண்டவாளம், அதில் முன்னும் பின்னும் ஓடும் ஒரு கைப்பிடி. கைப்பிடிக்கு அடியில் சட்டைப் பொத்தானைவிடச் சின்னதாக ஒரு சக்கரம். மின்சாரம் இல்லை, பிளேடு இல்லை. இது டைல்ஸை வெட்டும் என்றால் நம்புவதற்கு மனம் வரவில்லை.

"இது சும்மா வீட்டு வேலைக்கும்மா. விளையாட்டுச் சாமான் மாதிரி."

அவள் கைப்பிடியைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டினாள். ஆடுகிற பல் போல அசைந்தது. கோடு நேராக விழுமா, அது குடித்தவன் நடையாகத்தான் விழும். "வேற இருக்கா?"

"இருக்கு. அது விலை கூட."

"விலையை நான் கேக்கல. ஆடாதது இருக்கான்னு கேட்டேன்."

உள்ளே போய் அட்டைப்பெட்டியோடு வந்தார். இதன் தண்டவாளம் கட்டைவிரல் தடிமன். கைப்பிடியை ஆட்டிப் பார்த்தாள், இம்மி அசையவில்லை. நீளத்தை அளந்தாள். டைல்ஸை மூலைக்கு மூலை சாய்த்து வைத்தாலும் கொள்ளும். டைல்ஸ் உட்காரும் இடத்தில் ரப்பர் மெத்தை இரண்டாகப் பிரிந்து, நடுவே மேடாக ஒரு இரும்பு வரம்பு. சக்கரம் தேய்ந்தால் கழற்றி வேறு போடலாம்.

"வெட்டிப் பாக்கணும்."

"வெட்டினா பழைய சாமானாயிடுமேம்மா!"

"வெட்டலைன்னா அது கட்டர்னு எனக்கு எப்படித் தெரியும்?" பையிலிருந்து உடைந்த டைல்ஸ் துண்டுகளை எடுத்துக் கல்லாமேஜை மேல் வைத்தாள். வீட்டிலிருந்தே கொண்டுவந்திருந்தாள். கடைக்காரர் கையைத் தூக்கிவிட்டார்.

முதல் துண்டை வைத்து, பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்தி இழுத்தாள். கரகரவென்றது. போதாது என்று மறுபடி இழுத்தாள். ரம்பம் அறுப்பது போல இன்னும் இரண்டு இழுப்பு. பிறகு கைப்பிடியைக் கீழே அமுக்கினாள். துண்டு கன்னாபின்னாவென்று பிளந்து ஒரு சில்லு கடைக்காரரின் டீ டம்ளரில் போய் விழுந்தது.

"பாத்தீங்களா? இதுக்குத்தான் மெஷின்ங்கிறது."

இரண்டாவது துண்டை இன்னும் அழுத்தினாள். இன்னும் கேவலமாக உடைந்தது. முகம் சுட்டது. மூன்றாவது துண்டை வைத்தபோது அவருக்கு ஃபோன் வந்தது. அவர் முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டு, யாரோடோ பெயின்ட் டப்பாவுக்குச் சண்டை போடத் தொடங்கினார். பார்ப்பதற்கு ஆளில்லை. ஆளில்லாததால் அவள் கையிலும் கோபமில்லை. என்னதான் ஆகிறது பார்ப்போம் என்று சும்மா ஒரு தடவை இழுத்தாள்.

சர்ர்ர்ர்.

புதுத் துணி கிழிகிற மாதிரி, தொடங்கிய இடத்திலிருந்து முடிந்த இடம் வரை ஒரே சீராக ஒரு சத்தம். குனிந்து பார்த்தாள். கோடு விழுந்ததா என்றே தெரியவில்லை. வெளிச்சத்துக்கு நேராகச் சாய்த்தபோதுதான் தலைமுடி ஒன்று ஒட்டிக்கொண்டிருப்பது போலத் தெரிந்தது. மறுபடி ஒரு இழுப்பு இழுக்கக் கை துறுதுறுத்தது. அடக்கிக்கொண்டாள். கைப்பிடிக்கு அடியில் இருந்த தட்டைப் பாதம் டைல்ஸ் மேல் படும்படி வைத்து உள்ளங்கையால் லேசாக அமுக்கினாள்.

டக்.

விரலை நெட்டி முறித்தால் வருமே, அவ்வளவுதான் சத்தம். துண்டு இரண்டாகியிருந்தது. அளவுகோல் வைத்துக் கோடு போட்டாலும் அவ்வளவு நேர் வராது. வெட்டிய விளிம்பில் மேலே கண்ணாடிப் பளபளப்பு, உள்ளே சர்க்கரைக் கட்டியை உடைத்தது போன்ற சொரசொரப்பு. தூசி இல்லை. ஒரு பொடி இல்லை.

அவள் இரண்டு பாதிகளையும் சேர்த்து வைத்தாள். பிளவு மறைந்தது. பிரித்தாள், வந்தது. சேர்த்தாள், மறைந்தது.

இது அவள் படித்த பாடம். ஒரு பொருளில் கீறல் இருந்தால், வளைக்கும்போது அழுத்தமெல்லாம் அந்தக் கீறலின் நுனியில் போய்க் குவியும். பொருள் அங்கே பிளக்கும். ஐந்து மார்க் கேள்வி. படம் போட்டு எழுதினால் முழு மார்க். அவள் படம் போட்டு எழுதியிருக்கிறாள். எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போயிருக்கிறாள். அது உண்மை என்று அந்த நிமிஷம் வரை அவளுக்குத் தெரியாது. யாரும் சொல்லவில்லை. கரும்பலகையில் எழுதிப்போட்டவருக்கே தெரியுமோ என்னவோ! கல்லைப் போலக் கிடக்கிற ஒன்று, தலைமுடி அளவு கீறலைத் தன் தலையெழுத்தாக ஏற்றுக்கொண்டு, ஒரு உள்ளங்கைக் கனத்துக்கு அங்கேயே திறந்துகொள்கிறது. நாலு தடவை கீறினால் எந்தக் கீறல் என்று குழம்பிவிடுகிறது. ஒரு தடவை, ஒரே தடவை கேட்டால் கேட்கிறது.

மயிர்க்கூச்செறிந்த கையைத் துப்பட்டாவில் தேய்த்துக்கொண்டாள். கடைக்காரர் ஃபோனை வைத்துவிட்டுத் திரும்பினார்.

"என்னம்மா, மெஷின் பாக்கலாமா?"

"இதைக் கட்டுங்க" என்றாள். பாதித் துண்டு இரண்டையும் கைக்குட்டையில் சுற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டாள். குப்பையில் போட மனசு வரவில்லை.

---

கட்டரைப் பார்த்ததும் அம்மா, "துணி தேய்க்கவா?" என்றாள்.

அப்பா தண்டவாளத்தைத் தடவினார். கைப்பிடியை முன்னும் பின்னும் ஒரு தரம் ஓட்டினார். "நல்ல சாமான்தான்" என்றார், உறவுக்காரர் வீட்டுக் குழந்தையைப் பற்றிச் சொல்வது போல. சாயந்தரம் அவள் மொட்டைமாடியில் உடைந்த துண்டுகளை வைத்துப் பழகிக்கொண்டிருந்தபோது மேலே ஏறி வந்தார். படியேறிய மூச்சு வாங்கியது. கையில் சட்டைச் சுருணை.

"பாப்பா, நீ இந்த வேலைக்கு வர்றதுல எனக்குச் சம்மதம் இல்ல. ஆனா நீ கேக்குற ஆளு இல்ல. வர்றதுன்னு ஆச்சு, வெறுங்கையோட வராத." சட்டையைப் பிரித்தார். மெஷின் புதுசு போல மின்னியது. பிளேடு நிஜமாகவே புதுசு. "உன் ஃபீஸ் பூரா இது கட்டினது. இனி உனக்கு."

அவள் என்ன சொல்வாள்? சரிப்பா என்றாள். அவர் இறங்கிப் போனார். மாடிப்படி முழுக்க இருமல் கேட்டது.

மறுநாள் காலை கிளினிக்குக்குப் புறப்படும்போது பை கனத்தது. திறந்தாள். மெஷின் அடியில் இருந்தது. அவள் குளித்துக்கொண்டிருந்தபோது வைத்திருக்கிறார். அதை எடுத்து முக்காலி மேல் வைத்தாள். திரும்பினால் வாசலில் அப்பா நிற்கிறார்.

"அங்க தூசி ஆகாதுப்பா" என்றாள்.

"ஆத்திர அவசரத்துக்குன்னு வச்சேன்."

"ஆத்திர அவசரத்துக்கும் வேண்டாம்."

"என் மெஷின் வேண்டாம்னு நேரா சொல்லிடு."

"வேண்டாம்."

சொல்லிவிட்டு, அவர் முகத்தைப் பார்க்காமல் தெருவில் இறங்கிவிட்டாள். கிளினிக் வரை தன்னைத் தானே திட்டிக்கொண்டு நடந்தாள். உன் படிப்பை ஒருத்தர் நெஞ்சைப் பிளந்து வாங்கிக் கொடுத்திருக்கிறார், அவரிடம் ஒரு வார்த்தை நயமாகப் பேச வரவில்லை, உனக்கு எதற்குடி பட்டம்?

---

கருவி கழுவும் அறை கிளினிக்கின் பின்பக்கம் இருந்தது. ஒரு தொட்டி, ஒரு ஜன்னல், டைல்ஸ் ஏற வேண்டிய ஒரு சுவர். வெளிர்பச்சை டைல்ஸ். டாக்டர் அதைத் தேடித் தேடி வாங்கியிருந்தாள். கடையில் கடைசி இருப்பு. எக்ஸ்ட்ரா என்று கையில் கொஞ்சம்தான்.

"கட்டர் எங்க?" என்றாள் டாக்டர். பார்த்ததும், "இவ்ளோதானா? நான் பல்லுக்கு வச்சிருக்கிறது இதைவிடப் பயங்கரமா இருக்கும்" என்றாள்.

"உங்களுது சத்தம் போடும். இது போடாது."

"அப்ப நல்ல புள்ள. நான் அந்தப் பக்கம் ஒரு கடைவாயைப் பாக்குறேன். எதுனா வேணும்னா கதவைத் தட்டு. கத்தாத, பேஷன்ட் பயந்துடுவாரு."

வேலையைத் தொடங்கும் முன் டைல்ஸைத் தரையில் பரப்பிப் பார்க்க வேண்டும். இந்த மூலைக்கு முழுசு வைத்தால் அந்த மூலையில் எவ்வளவு மிஞ்சுகிறது என்று அளந்து, சின்னத் துண்டு வராத மாதிரி நகர்த்திக்கொள்ள வேண்டும். ஒட்டுகிறவர்கள் எல்லோருக்கும் தெரியும். அவளுக்கும் தெரியும். ஆனால் தன்மேலே கோபத்தில் இருக்கிறவள் அளப்பாளா? கதவோரம் முழு டைல்ஸாகத் தொடங்கி மளமளவென்று ஒட்டிக்கொண்டு போனாள். தொட்டிக்கு மேலே, ஜன்னலுக்குக் கீழே வெட்ட வேண்டிய இடமெல்லாம் சர்ர்ர், டக். சர்ர்ர், டக். ஒவ்வொரு டக்குக்கும் மனசு ஒரு படி இறங்கி ஆறியது. பசை தடவுவதும் வெட்டுவதுமாக நேரம் போனதே தெரியவில்லை. ஒவ்வொரு முறை கைப்பிடியை அமுக்கும்போதும், இந்தத் தடவை நடக்காது என்றுதான் தோன்றியது. ஒவ்வொரு தடவையும் நடந்தது.

எதிர் மூலைக்கு வந்தபோதுதான் உறைத்தது. கீழிருந்து மேல்வரை இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு சந்து நின்றது. அறைக்குள் வருகிறவர் கண்ணில் முதலில் படும் மூலையும் அதுதான்.

"அடிப்பாவி" என்றாள் தன்னையே.

ஒட்டியதைப் பெயர்க்க முடியாது, பசை பிடித்துவிட்டது. இரண்டு விரல் அகலத்துக்குச் சன்னமாக வெட்டித்தான் ஆக வேண்டும். ஒரு முழு டைல்ஸை வைத்து ஓரத்தில் கோடு கீறினாள். அமுக்கினாள். பிளவு கோட்டிலேயே கொஞ்ச தூரம் வந்து, பிறகு பாதை மறந்தது போல ஓரத்துக்கு ஓடிவிட்டது. துண்டு கோணல் கத்தியாகக் கையில் வந்தது. இன்னொன்று. அதுவும் அப்படியே. எக்ஸ்ட்ராவில் மிச்சம் கொஞ்சம். இதுவும் போனால் அந்தப் பச்சைக்கு எங்கே போவது? கதவைத் தட்டி என்ன சொல்வது? தூசி இல்லாமல் ஒட்டுகிறவள் நான்தான் என்று சொன்ன அதே வாயால், ஒரு வாரம் மூடுங்கள் என்பதா?

கதவு திறந்தது. டாக்டர் இல்லை. அப்பா. கக்கத்தில் சட்டைச் சுருணை.

"மறந்துட்டு வந்துட்ட" என்றார். மாடியேறிய மூச்சு இன்னும் அடங்கவில்லை.

"நான் மறக்கலப்பா."

"தெரியும்." அவர் கண் ஏற்கனவே மூலைக்குப் போய்விட்டது. பிறகு தரையில் கிடந்த கோணல் துண்டுகளுக்கு. ஒரு நொடியில் எல்லாம் புரிந்துவிட்டது அவருக்கு. "ரெண்டு விரல். பரப்பிப் பாக்கலியா?"

"இல்ல."

"என் மேல இருந்த கோவமா?"

"என் மேல இருந்தது."

"யார் மேல இருந்தா என்ன, செவுத்துல வந்து நிக்குது." சட்டையைப் பிரித்தார். "இதுக்கு அந்தத் தள்ளுவண்டி ஆகாது பாப்பா. கொஞ்ச நேரம்தான். ஜன்னலைத் திறந்து வச்சு நானே வெட்டிக் குடுத்துட்டுப் போறேன். ப்ளக் பாயிண்ட் எங்க?"

கேட்டுக்கொண்டே கைக்குட்டையை மூக்கில் கட்டினார். அந்தக் கைக்குட்டை. அதைக் கட்டிக்கொண்டுதான் இத்தனை வருஷம் அந்த வெள்ளைப் புகைக்குள் போனார். அது எதைத் தடுத்தது?

"அதைக் கீழ வைங்க."

"மெதுவா. பக்கத்துல ஆள் இருக்காங்க."

"அது உங்க நெஞ்சைத் தின்னுச்சுப்பா." குரலை அடக்கித்தான் சொன்னாள். அடக்கியதால் இன்னும் மோசமாக வந்தது.

"அதுதாண்டி உனக்குச் சோறு போட்டுச்சு."

இரண்டும் உண்மை. பக்கத்து அறையில் டாக்டர் யாரிடமோ, "இன்னும் கொஞ்சம் பெருசா திறங்க, ஆ..." என்றாள்.

"ஒரு தடவை பாக்குறேன்" என்றாள் பட்டதாரி. "ஒரே தடவை. வரலைன்னா உங்க இஷ்டம்."

அப்பா கைக்குட்டையை அவிழ்க்கவில்லை. ஆனால் ப்ளக்கைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

அவள் கோணல் துண்டைக் கையில் எடுத்துப் பார்த்தாள். பிளவு ஏன் ஓடியது? அதற்கு ஒன்றும் திமிர் இல்லை. அந்தப் பக்கம் அகலம், இந்தப் பக்கம் சன்னம். அமுக்கும்போது சன்னமான பக்கம்தான் அதிகம் வளையும். வளைகிற பக்கம் இழுக்கும். இழுத்த பக்கம் பிளவு போகும். இரண்டு பக்கமும் ஒரே அகலம் என்றால்? எந்தப் பக்கம் இழுக்கும்? இந்தக் கேள்வியை எந்தப் பரீட்சையிலும் யாரும் கேட்கவில்லை.

புது டைல்ஸை எடுத்தாள். இரண்டு விரலுக்குக் கீறவில்லை. நான்கு விரலுக்குக் கீறினாள். சர்ர்ர். டக். நான்கு விரல் பட்டை ஒழுங்காக வந்தது.

"அளவு தப்பு" என்றார் அப்பா கைக்குட்டைக்குள்ளிருந்து.

"தெரியும்."

அந்தப் பட்டையைத் திரும்ப வைத்து, நட்டநடுவில் அடையாளம் வைத்தாள். சக்கரத்தை மேல்முனையில் நிறுத்தினாள். ஆத்திரத்தையெல்லாம் தோளிலேயே நிறுத்திவிட்டு, விரலுக்கு மட்டும் வேலை கொடுத்தாள். ஒரே இழுப்பு. கோடு கண்ணுக்குத் தெரியவில்லை. அப்பா குனிந்து பார்த்தார். அவருக்கும் தெரியவில்லை. "விழலியே. இன்னொரு தடவ..."

"வேண்டாம்ப்பா. அதுக்குக் கேட்டிருக்கும்."

உள்ளங்கையை வைத்தாள்.

டக்.

இரண்டு பட்டை. இரண்டும் இரண்டு விரல். ஒன்றுக்கொன்று அச்சு வார்த்தது போல.

அவள் ஒன்றை எடுத்து மூலைச் சந்தில் பொருத்திப் பார்த்தாள். இணைப்புக் கோட்டுக்கு இடம்விட்டு வழுக்கிக்கொண்டு போய் உட்கார்ந்தது. இன்னொன்றை அப்பா எடுத்தார். வெட்டிய விளிம்பைக் கட்டைவிரலால் மேலிருந்து கீழே தடவினார். பிறகு, கையில் டைல்ஸ் இருந்தால் இத்தனை வருஷமாக என்ன செய்வாரோ அதைச் செய்தார். கைக்குட்டையைக் கீழே இறக்கினார், கண்ணை இறுக மூடிக்கொண்டார், விளிம்பை வாயருகில் வைத்து "ஃபூ" என்று ஊதினார்.

ஒன்றும் பறக்கவில்லை.

கண்ணைத் திறந்தார். விளிம்பைப் பார்த்தார். தரையைப் பார்த்தார். தன் சட்டைக் கையைத் திருப்பிப் பார்த்தார். அவர் ஊதியது ஜன்னல் வெளிச்சத்தில் வெறும் காற்றாகப் போய்க்கொண்டிருந்தது. இருமல் வரும் என்று அவள் காத்திருந்தாள். அவரும் காத்திருந்தார் போலிருக்கிறது, நெஞ்சில் கை வைத்துக்கொண்டு. வரவில்லை.

"கோடு கண்ணுக்கே தெரியல" என்றார். குரல் யாருடையதோ போல இருந்தது. "எங்க உடையணும்னு அதுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

அவளுக்கு விடை தெரியும். ஐந்து மார்க்குக்கு எழுதியிருக்கிறாள், படத்தோடு. சொல்ல வாயெடுத்தாள். சொல்லத் தோன்றவில்லை; சொன்னால் அது சின்னதாகிவிடும் போலிருந்தது. "எனக்கும் அதேதான்ப்பா ஆச்சரியமா இருக்கு" என்றாள். அதுவும் பொய்யில்லை.

அப்பா ப்ளக்கின் வயரைச் சுருட்டி மெஷின் மேல் வைத்தார். மெஷினைச் சட்டையில் சுற்றினார். அவசரப்படாமல், தூங்குகிற பிள்ளைக்குப் போர்த்துவது போலச் சுற்றிச் சுவரோரம் சாய்த்தார். பிறகு கட்டர் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

"இன்னொண்ணு பண்ணு."

"நீங்க பண்ணுங்க."

நான்கு விரல் பட்டை இன்னொன்றை வெட்டி வைத்து, நடுவில் கீறியும் கொடுத்தாள். அவர் கைப்பிடியைப் பிடித்தார். மெஷினோடு மல்லுக்கட்டிப் பழகிய கை, தோளோடு இறங்கப் பார்த்தது.

"அழுத்தாதீங்கப்பா. சும்மா கையை வைங்க. போதும்."

"போதுமா?"

"போதும்."

அவர் உள்ளங்கையை வைத்தார், காய்ச்சல் பார்க்கிறவர் நெற்றியில் வைப்பது போல.

டக்.

பக்கத்து அறையில் டாக்டர், "அவ்ளோதான், முடிஞ்சுது. வாயை மூடிக்கலாம்" என்றாள்.

அப்பா மூடவில்லை.